எம்.ஜி.பி. ஜி.டி.க்கு எந்த டயர், எவ்வளவு காற்று

வெள்ளவத்தையில் என் வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய பிரிட்டிஷ் கார், எம்.ஜி.பி. ஜி.டி., 1971ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1,798 கன சென்ரிமீற்றர் இயந்திரம், ஒரு தொன்னைச் சற்றுத் தாண்டிய எடை, முன்னால் நெம்புகோல் வகை ஷொக் அப்சோபர், பின்னால் லீஃப் ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்த உறுதியான அச்சு என்று அதன் கட்டமைப்பு முழுவதும் அக்காலத்துக்கே உரியது. இதற்கு டயர் மாற்றும் வேளை வந்தபோது நண்பர்கள் தந்த யோசனை பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது: அகலமாகவும் தாழ்வாகவும் உள்ள, பந்தயப் பிடிப்புக் கொண்ட பெர்போமன்ஸ் டயரைப் போட்டால் காரின் குணமே மாறிவிடும் என்றார்கள். குணம் மாறும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த மாற்றத்தை இந்தக் காரும், நாங்கள் ஓடும் வீதிகளும் தாங்குமா என்று கணக்குப் பார்த்தபோது நேரெதிரான முடிவுக்கே வந்தேன். அந்தக் கணக்கையே இங்கே எழுதுகிறேன்.

எம்.ஜி.பி. 1962இல் அறிமுகமானபோது அதற்குக் கொடுக்கப்பட்டது 5.60-14 என்ற குறுக்கு இழை டயர். இழைகள் குறுக்காக ஓடாமல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் ரேடியல் டயருக்கு மிஷெலின் நிறுவனம் 1946இலேயே காப்புரிமை பெற்றிருந்தாலும், பிரிட்டிஷ் கார்களில் அது வழக்கமான டயராக மாறப் பல ஆண்டுகள் சென்றன. எம்.ஜி.பி.க்கும் 155, 165 ஆகிய அகலங்களில் ரேடியல் பிற்பாடுதான் வந்தது. முன் சக்கரங்களின் கோணங்கள் மட்டும் அந்தப் பழைய டயரை மனதில் வைத்து வகுக்கப்பட்டவையாகவே நின்றுவிட்டன. தொழிற்சாலைக் கையேட்டின்படி கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்னோக்கிய சாய்வு) 7 பாகை, கேம்பர் 1 பாகை நேர்க்கோணம். அதாவது சக்கரத்தின் மேற்பகுதி சற்றே வெளிப்புறம் சாய்ந்திருக்கும். இன்றைய தாழ்ந்த, அகன்ற டயர் எதிர்பார்ப்பதோ இதற்கு எதிரான சாய்வை. வளைவில் உடல் சரியும்போது, நேர்க் கேம்பரில் நிற்கும் அகன்ற டயர் தன் வெளி ஓரத்தை மட்டுமே தரையில் ஊன்றும். அகலத்துக்குக் கொடுத்த பணத்தில் பாதி காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தக் காரில் கேம்பரைத் திருகி மாற்றும் வசதியும் இல்லை. முன் சக்கரத்தின் மேல் மூட்டில் மையம் விலகிய ட்ரனியன் புஷ் போட்டு ஏறத்தாழ ஒரு பாகையைத் திருத்தலாம். நீளங்கூடிய கீழ்க் கைகளும் கிடைக்கின்றன. ஆனால் அவை டயர் வாங்கும் வேலை அல்ல, முன் அச்சையே மீளக் கட்டும் வேலை.

பிடிப்புப் பற்றிய பேச்சில் அடிக்கடி விடுபடும் ஒரு விடயம், பிடிப்பு எப்படி முடிகிறது என்பது. டயர் எதுவாயினும், அது பார்க்கும் திசைக்கும் உண்மையில் நகரும் திசைக்கும் இடையே சிறு கோணம் இருக்கும்போதுதான் பக்கவாட்டு விசை பிறக்கிறது. அந்தக் கோணம் கூடக் கூட விசையும் கூடி, ஓர் உச்சத்தை அடைந்து, பின்னர் இறங்கும். உயரமான பக்கச்சுவர் கொண்ட பழைய பாணி டயரில் இந்த உச்சி அகன்றும் மெதுவாகச் சரிந்தும் இருக்கும். கார் வழுக்கத் தொடங்குவதை ஸ்டியரிங் முன்கூட்டியே சொல்லிவிடும். ஓட்டுபவருக்குத் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும். தாழ்ந்த, ஒட்டும் இறப்பர் டயரில் உச்சி உயர்ந்தது, ஆனால் அதைத் தாண்டியதும் சரிவு செங்குத்தானது. புதிய கார்களில் அந்த நொடியைச் சமாளிக்க மின்னணு அமைப்புகள் உண்டு. என் காரில் இருப்பது நான் மட்டுமே.

கூடுதல் பிடிப்பின் பாரமும் எங்கோ ஓரிடத்தில் இறங்கத்தான் வேண்டும். சக்கரத் தாங்கிகள், கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் தண்டு), இறப்பர் புஷ்கள் யாவும் ஐம்பது வருடத்துக்கு முந்தைய டயரின் விசைக்கு அளவிடப்பட்டவை. நீண்ட வளைவில் பக்கவாட்டு விசை மிகுந்தால் எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, அழுத்தமானியின் முள் விழுவதை எம்.ஜி. வைத்திருப்பவர்கள் அறிவார்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத காரை அகன்ற டயருடன் புறக்கோட்டை நெரிசலில் திருப்புவதைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை.

இருந்தாலும் பெர்போமன்ஸ் டயர்களை நியாயமாக எடைபோட வேண்டும். யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ் போன்றவற்றின் தேய்வு எண் 200. அமெரிக்கத் தர முறையில் 100 என்ற ஒப்பீட்டு டயரோடு வைத்துச் சொல்லப்படும் எண் அது. வீதி டயர்களுக்கான பந்தயப் பிரிவுகள் பலவற்றில் 200தான் கீழெல்லை. எண் குறைவாக இருந்தால் பொதுவாக இறப்பர் மென்மையானது, ஆயுளும் குறைவு. இந்த இறப்பர் நன்றாகச் சூடேறினால்தான் முழுப் பிடிப்பையும் தரும். குளிர்நாட்டு வீதிகளில் இது பெரிய குறை. கொழும்பில் அந்தக் குறையை வெயில் ஓரளவு ஈடுசெய்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கோ கட்டுக்குருந்தையில் நடக்கும் பந்தயத்துக்கோ கார் கட்டுபவர் இவற்றை நாடுவதில் பிழையே இல்லை.

வீதிக்கு அவற்றை நான் ஒதுக்கியதற்குக் காரணம் மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடியுடன் கொட்டும் மழை, ஏப்ரலிலும் அப்படித்தான். பந்தய நோக்கில் செய்யப்பட்ட டயர்களில் தவாளிப்பின், அதாவது நீர் ஓடும் பள்ளங்களின், ஆழமும் குறைவு, பரப்பும் குறைவு. தேங்கிய நீரை அவை வெளியேற்றும் அளவு சாதாரண டயரைவிடக் குறைவு. நாள் முழுதும் பஸ்கள் நின்று புறப்படுவதால் பளபளக்கும் கொழும்பு-காலி வீதியின் இடது ஓரத்தில், வெயில் நாட்களுக்குப் பின் விழும் முதல் மழையின்போது, ஒட்டும் இறப்பரின் பெருமை அதிகம் எடுபடுவதில்லை. சிலிக்கா கலந்த இறப்பர் 1990களில் பரவலானபின் சாதாரண தரமான டயர்களின் ஈரப் பிடிப்பு வெகுவாக முன்னேறியிருக்கிறது. கொழும்பில் ஓடும் காருக்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்தது அளவு. எல்லாம் இங்கேதான் சிக்கிக்கொள்கிறது. பழைய முறையில் 165 ஆர் 14 (165 மில்லிமீற்றர் அகலம், 14 அங்குல ரிம்) என்று எழுதியிருந்தால், உயரவீதம், அதாவது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பது, குறிக்கப்படாவிட்டாலும் அது ஏறத்தாழ 80 முதல் 82 வரை என்று கொள்ள வேண்டும். அப்படியானால் டயரின் முழு விட்டம் 620 முதல் 626 மில்லிமீற்றர். 185/70 ஆர் 14 எடுத்தால் விட்டம் 615. வித்தியாசம் மிகச் சிறிது. 185/60 ஆர் 14 என்றால் 578க்கு இறங்கிவிடும். ஏழு வீதம் சிறிய சக்கரம் என்றால் கியர் விகிதமே குறுகியதாக மாறிவிட்டது என்று பொருள். ஓவர்டிரைவ் (சுற்றைக் குறைக்கும் மேலதிக கியர்) இல்லாமல் நான்காம் கியரில் மணிக்கு 100 கிலோமீற்றரில் ஏறத்தாழ 3,500 சுற்றில் ஓடிய இயந்திரம் 3,750 அளவில் கத்திக்கொண்டு போகும். வேகமானி உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். தரைக்கும் புகைக்குழாய்க்கும் இடையிலான இடைவெளி இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் குறையும். எங்கள் ஒழுங்கைகளின் வேகத்தடைகளைக் கடந்து பழகியவர்களுக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

ஒட்டும் டயர்கள் அதிகமாகக் கிடைக்கும் 195/50 ஆர் 15 அளவும் இதே பொறிதான். அதன் விட்டம் 576 மில்லிமீற்றர். பதினைந்து அங்குல ரிம்மில் சரியான விட்டம் வேண்டுமென்றால் 185/65 ஆர் 15 எடுக்க வேண்டும், அது 621.5 வந்து அச்சொட்டாகப் பொருந்தும். இரண்டாம் தலைமுறை பிரியஸ் பயன்படுத்தும் அளவு என்பதால் இலங்கையில் அதற்குத் தட்டுப்பாடும் இல்லை. தோற்றத்தில் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு, இலேசான பதினைந்து அங்குல அலோய் ரிம்முடன் இதுவே எளிதான வழி என்பது என் கருத்து. எனக்குத் தோற்றத்தில் பிடிவாதம் உண்டு. காரோடு வந்த ரோஸ்டைல் என்ற உருக்கு ரிம்மைக் கழற்றிய எம்.ஜி.பி.யைப் பார்க்க என் கண்ணுக்கு ஒவ்வவில்லை.

ரோஸ்டைல் ரிம்மின் அகலம் 5 அங்குலம். 165 ஆர் 14க்கு 4 முதல் 5.5 அங்குல ரிம் ஏற்றது. 185/70 ஆர் 14க்கும் 5 அங்குலம் பொருந்தும். 195/60 ஆர் 14க்கோ 5.5 அங்குலம் குறைந்தபட்சம். குறுகிய ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் பக்கச்சுவர்கள் உள்நோக்கி இழுபட்டு, நடுப்பகுதி புடைத்து, ஸ்டியரிங்குக்கும் டயருக்கும் இடையே ஒரு தயக்கம் புகுந்துவிடும். அகலத்தால் கிடைக்க வேண்டிய கூர்மை அங்கேயே கரைந்துபோகும்.

கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் 165 ஆர் 14 கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். அதில் ஒரு சங்கதி இருக்கிறது. அவர்கள் எடுத்து வைப்பது பெரும்பாலும் ஜப்பானிய சிறு வேன்களுக்கான டயர். "ஐயா, சைஸ் ஒன்னுதானே, வேன் டயர்னா நல்லா உழைக்கும்" என்று கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை, உழைக்கத்தான் செய்யும். பக்கச்சுவரில் எட்டு பிளை (இழை அடுக்கு வலிமைக் குறி) என்றும், சுமை எண் 97/95 என்றும் பொறித்திருக்கும். அதாவது ஒற்றைச் சக்கரமாகப் பூட்டும்போது 730 கிலோ தாங்கும் டயர். நான்கு சக்கரத்திலும் சேர்த்து ஒரு தொன் சொச்சம் மட்டுமே இறங்கும் காரில் அந்தப் பக்கச்சுவர் வளைந்தே கொடுக்காது. இறப்பரும் சுமைக்கும் ஆயுளுக்கும் என்று கடினமாக்கப்பட்டது. காய்ந்த வீதியில் கார் குதிக்கும், ஈர வீதியில் வழுக்கும். அளவு ஒன்றாக இருப்பதால் மட்டும் டயர் ஒன்றாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சரியான கார் வகை 165 ஆர் 14 வேண்டுமானால், மிஷெலின் எக்ஸ்ஏஎஸ், பிரெல்லி சின்சுரேட்டோ சிஏ67 போன்ற பழைய வார்ப்பு டயர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். சமச்சீரற்ற தவாளிப்புடன் 1965இல் வந்த எக்ஸ்ஏஎஸ் இந்தத் தலைமுறைக் கார்களுக்கு என்றே பிறந்தது போன்றது. கப்பற்கூலியும் வரியும் சேரும்போது விலை என் கைக்கு எட்டவில்லை. ஆகவே நான் தேர்ந்தது 185/70 ஆர் 14, வேகக் குறி எச். மணிக்கு 210 கிலோமீற்றர் வரை அனுமதிக்கும் குறி அது. இந்தக் கார் அவ்வளவு ஓடாது. ஆனால் எச் குறி பெற்ற டயரின் உட்கட்டு வழக்கமாகச் சற்று உறுதியானது, அந்த உறுதி உயரமான பக்கச்சுவருக்கு நன்மை. பின் சக்கர வளைவின் உள்விளிம்பில் ஒரு பக்கம் உரசுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எம்.ஜி.பி.யின் பின் அச்சு பல கார்களில் அச்சொட்டாக நடுவில் அமர்வதில்லை. இருவரைப் பின்னால் ஏற்றிக் குழியொன்றில் இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னுள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். விற்பனை மெதுவான அளவுகள் கடையின் மேல்தட்டில் வருடக்கணக்கில் தங்கிவிடும். இறப்பரை ஓசோனிலிருந்து காக்கும் மெழுகு, டயர் உருண்டு வளையும்போதுதான் மேற்பரப்புக்கு வரும். நின்றே கிடக்கும் டயரில் அது நடப்பதில்லை. வாரத்தில் ஒருநாள் மட்டும் வெளியே எடுக்கப்படும் எங்கள் கார்களின் டயர்கள், தவாளிப்புத் தேயாமலே வெடிப்பு விட்டுச் சாவது இதனால்தான். பக்கச்சுவரைப் பெருவிரலால் அழுத்தி மடித்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் கண்ணில் படும். அப்படிப்பட்டதை எந்த விலைக்குத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

டயர் ஏறியபின் செய்யும் வேலையில் முக்கால்வாசி காற்றழுத்தம். கையேடு ரேடியலுக்குச் சொல்வது முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ. அது அக்காலத்துத் தடித்த பக்கச்சுவருக்குச் சொன்னது. இன்றைய டயரின் பக்கச்சுவர் மெல்லியது, தன் உறுதியின் பெரும்பகுதியைக் காற்றிடமிருந்தே வாங்குகிறது. மழையும் அதே பக்கம்தான் வாக்களிக்கிறது. 1960களில் நாசா ஆய்வாளர்கள் வகுத்த ஒரு தோராய விதியின்படி, தவாளிப்பு அற்ற விமான டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம், நொட் அலகில், பிஎஸ்ஐயின் வர்க்கமூலத்தின் ஒன்பது மடங்கு. 21 பிஎஸ்ஐக்கு அது மணிக்கு 76 கிலோமீற்றர், 28க்கு 88. தவாளிப்புள்ள கார் டயருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா. ஆயினும் அழுத்தம் கூடினால் மிதக்கும் வேகமும் உயரும் என்ற போக்கு பொருந்தும். மணிக்கு 100 கிலோமீற்றர் அனுமதிக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் மழைக்குள் அகப்பட்டவருக்கு இந்தப் போக்கு வெறும் பாடப்புத்தகச் செய்தியல்ல.

எந்த எண்ணில் நிறுத்துவது என்பதைச் சுண்ணக்கட்டி சொல்லும். டயரின் ஓடுபரப்பிலிருந்து வெளி விளிம்பு வழியாகப் பக்கச்சுவர்மேல் மூன்று விரலளவு இறங்கும்படி, சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் வெள்ளைக் கோடு இழுக்க வேண்டும். பிறகு போக்குவரத்துக் குறைந்த வேளையில், சட்ட வேகத்துக்குள், சில சுற்றுவட்டங்களைக் கடந்து வந்து பார்க்க வேண்டும். எங்கள் நாட்டில் சுற்றுவட்டத்தை வலஞ்சுழியாகச் சுற்றுவதால் பாரம் இடது பக்கச் சக்கரங்களில் விழும். இடது முன் டயர்தான் முதல் சாட்சி. 22 பிஎஸ்ஐயில் என் காரில் கோடு பக்கச்சுவர்மேல் ஒரு விரல் அகலத்துக்கு அழிந்திருந்தது. டயர் தன் தோளின்மேல் புரண்டிருக்கிறது என்று பொருள். விளிம்பில் உள்ள சிறு முக்கோணக் குறியோடு அழிவு நிற்கும்வரை சிறுகச் சிறுக ஏற்றினேன். முன்னால் 27, பின்னால் 28இல் நின்றது. முன்னால் இன்னும் ஏற்றினால் ஸ்டியரிங் இலேசாகும், ஆனால் வெள்ளவத்தை ரயில் கடவையைத் தாண்டும்போது பற்கள் ஆடும். பின்னால் ஏற்றினால் ஈரத்தில் வால் ஆடத் தொடங்கும். சொல்லப்போனால், ஒரு பிஎஸ்ஐ வித்தியாசத்தை இந்தக் காரின் ஸ்டியரிங் உணர்த்துவதுபோல் நான் ஓட்டிய எந்தப் புதிய காரும் உணர்த்தியதில்லை.

அளக்க வேண்டியது விடியலில், கார் நகருமுன், சொந்த மானியால். 27 பாகை வெப்பத்தில் 28 பிஎஸ்ஐ அடித்த டயர் ஓடி 50 பாகையை எட்டும்போது 31ஐத் தாண்டிக் காட்டும். அதைக் கூடுதல் என்று எண்ணி பெற்றோல் செட்டில் காற்றை இறக்கினால் மறுநாள் காலை 25இல் நிற்கும். முற்றத்தில் ஒரு பக்கம் மட்டும் வெயில் படும்படி நிறுத்தியிருந்தால் இரு பக்க அளவுகளும் ஒத்துவரா.

அலைன்மென்ட் செய்யும் இடத்தின் கணினியில் எம்.ஜி.பி. இருக்கப்போவதில்லை. எண்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது நல்லது: டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கத்தில் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1.6 முதல் 2.4 மில்லிமீற்றர், மற்றவை அளந்து சொன்னால் மட்டும் போதும். நான் கீழெல்லையில் வைத்திருக்கிறேன். ரேடியலுக்கு அதற்குமேல் தேவைப்படுவதில்லை, அதிகமானால் முன் டயர்களின் வெளி ஓரம் இறகுபோல் அரியும். கிங்பின்னில் ஆட்டம் இருந்தால் இந்த எண்களுக்குப் பொருளே இல்லை. முதலில் கிரீஸ் அடித்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்.

பாலன்சிங்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரோஸ்டைல் ரிம் நடுத்துளையால் அல்ல, நான்கு நட்டுகளின் கூம்புகளால்தான் மையப்படுகிறது. நடுத்துளையில் கூம்பைச் செருகிச் சுழற்றும் இயந்திரம் பூச்சியம் காட்டினாலும் வீதியில் ஸ்டியரிங் நடுங்கலாம். நட்டுத் துளைகளில் பிடிக்கும் தகடு உள்ள கடையைத் தேடுங்கள். கம்பிச் சக்கரம் வைத்திருப்பவர்கள் முதலில் கம்பிகளை இழுத்து நேராக்கிவிட்டே பாலன்சிங் செய்ய வேண்டும். உள்ளே டியூப் போடுவதானால், டயரின் உட்புறத்தில் ஒட்டிய காகிதத் துண்டுகளைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை சூட்டில் டியூபை அரித்துவிடும். சக்கர நட்டுகளுக்கான முறுக்கம் 60 முதல் 65 இறாத்தல் அடி. காற்றுத் துப்பாக்கியால் இறுக்க விடாதீர்கள்.

ஐந்தாவது டயர் காரின் பின்தளத்துக்கு அடியில் இருளில் கிடக்கிறது. பலருடைய எம்.ஜி.களில் அது காரோடு பிறந்ததோ என்று ஐயுறும் வயதில் இருக்கும். நான்கு புதிய டயர்கள் வாங்கும்போது ஐந்தாவதையும் அதே அளவில் வாங்கிவிட்டேன். தேய்வுக்காக முன் பின் மாற்றும் சுற்றில் அதையும் சேர்த்துக்கொண்டால் ஐந்தும் ஒரே வேகத்தில் தேயும். மெழுகும் வேலை செய்யும். அதற்கு மட்டும் 32 பிஎஸ்ஐ அடித்து வைத்திருக்கிறேன். மாதங்கள் கழித்துத் தேவைப்படும்போது காற்றை ஏற்றுவதைவிட இறக்குவது எளிது.